வீட்டில் ரக்கூன்: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

கூரையைத் திருத்தித் தரும்படி ரொறன்ரோவிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் என்னை அழைப்பவர்களில் பலருக்கு உண்மையில் தேவைப்படுவது, இரவில் இரைதேடி வீடுகளுக்குள் குடியேறும் காட்டுவிலங்கான ரக்கூனை வெளியேற்றும் வழியாகவே இருக்கிறது. ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வருவதால், தென்படும் அறிகுறியை வைத்து எங்கே தொடங்குவது, எதைச் சோதிப்பது, எந்தக் கட்டத்தில் தொழில் தெரிந்தவரிடம் விடுவது என்பதை இங்கே எழுதிவைக்கிறேன். உங்கள் வீட்டுக்குப் பொருந்தும் தலைப்புக்கு நேரே போகலாம். அடுத்துவரும் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிட்டுப் போகவேண்டும்.

எந்த வேலையைத் தொடங்கும் முன்பும்

முதலில் நாட்காட்டியைப் பாருங்கள். ரக்கூன்கள் ஜனவரி முதல் மார்ச் வரை இணைசேர்கின்றன. ஏறத்தாழ 63 நாள் கருவைச் சுமந்து, பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில் மூன்று முதல் ஐந்து குட்டிகள் வரை ஈனுகின்றன. குட்டிகள் கண் திறக்கவே மூன்று வாரம் ஆகும். எட்டுப் பத்து வாரம் கழிந்த பிறகுதான் தாயின் பின்னால் இரவில் வெளியே போகத் தொடங்கும். ஆகவே மார்ச் முதல் ஜூலை வரை கூரைக்குள் சத்தம் கேட்டால், அங்கே தாயும் குட்டிகளும் இருப்பதாகவே வைத்துக்கொண்டு நடக்கவேண்டும். அந்த மாதங்களில் தாய் வெளியே போன நேரம் பார்த்துத் துளையை அடைத்தால், உள்ளே குட்டிகள் பட்டினியில் சாகும். வெளியே தாய் கூரையைப் பிய்த்தெறியும். இரண்டுக்குமான செலவு வீட்டுக்காரருடையது.

கூண்டில் பிடித்து, நகரின் கிழக்கோரத்துக் காடான ரூஜ் பள்ளத்தாக்கில் கொண்டுபோய் விட்டுவிடலாமே என்று கேட்பவர்களும் உண்டு. ஒன்ராறியோவில் உயிரோடு பிடித்த வனவிலங்கைப் பிடித்த இடத்திலிருந்து ஒரு கிலோமீற்றருக்குள்ளேயே விடவேண்டும். 24 மணி நேரத்துக்கு மேல் அடைத்து வைத்திருக்கவும் கூடாது. 1997ஆம் ஆண்டின் மீன், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம்தான் இதற்கு அடிப்படை. தூரத்தில் விடப்பட்ட விலங்குக்கு இரை எங்கே, பொந்து எங்கே என்று தெரியாது. நோய் இருந்தால் அதையும் அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும். வீட்டில் துளை திறந்தபடியே இருப்பதால் அடுத்த ரக்கூன் குடிவருவதும் நிச்சயம். நலமாக இருக்கும் ரக்கூனைத் தனியார் வீட்டிலிருந்து அகற்ற ரொறன்ரோ நகரசபை வராது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். நோயுற்றது, அடிபட்டது, இறந்தது ஆகியவற்றுக்குத்தான் நகரசபையின் 311 தொலைபேசி எண்.

வாடகைக்கு இருப்பவர்கள் எதையும் அடைக்காமல் வீட்டு உரிமையாளருக்கு எழுத்தில் தெரிவிக்கவேண்டும்; பழுதுபார்ப்பது சட்டப்படி அவருடைய பொறுப்பு. கொண்டோ (கூட்டு உரிமைக் குடியிருப்பு) நிர்வாகத்தின் கீழுள்ள வரிசை வீடுகளில் கூரை பெரும்பாலும் நிர்வாகத்துக்குச் சொந்தம் என்பதால், அங்கே முகாமையாளரை அழையுங்கள்.

அறிகுறி: பச்சைத்தொட்டி (உணவுக்கழிவுத் தொட்டி) கவிழ்ந்து கழிவு இறைந்து கிடக்கிறது

இது மிக எளியது, ஆனால் மற்ற எல்லாத் தொல்லைகளுக்கும் இங்கிருந்துதான் வழி பிறக்கிறது. இரவுதோறும் உணவு கிடைக்கும் முற்றத்துக்குப் பக்கத்திலேயே ரக்கூன் பொந்து தேடும்.

முதல் காரணம் பூட்டு. நகரசபை 2016 முதல் கொடுத்துவரும் பச்சைத்தொட்டியின் மூடியில் திருகிப் பூட்டும் கைப்பிடி இருக்கிறது. அது முழுதாகத் திரும்பியிருக்கிறதா, மூடியின் விளிம்பில் பை ஏதும் சிக்கி இடைவெளி விடுகிறதா என்று இரவில் ஒருமுறை பாருங்கள். பூட்டோ கீலோ உடைந்திருந்தால் 311க்குச் சொல்லித் திருத்திக்கொள்ளலாம். சில ரக்கூன்கள் தொட்டியைச் சாய்த்து விழுத்தி, விழுந்த அதிர்ச்சியில் பூட்டைத் தளரவைக்கப் பழகியிருக்கின்றன. தொட்டியைச் சுவரோடு சேர்த்து இழுபட்டியால் கட்டிவிட்டால் அந்த வித்தை பலிக்காது.

இரண்டாவது காரணம் உள்ளே போடும் பொருள். மீன் தலை, இறால் கோது, கோழித் தோல் ஆகியவை வாரம் முழுவதும் தொட்டியில் கிடந்தால் எந்தப் பூட்டும் அந்த மணத்தை அடக்காது. அவற்றைப் பையில் கட்டி உறைபெட்டியில் வைத்து, கழிவு எடுக்கும் நாள் காலையில் போடுவதே நல்லது. காலை ஏழு மணிக்குள் தொட்டி தெருவோரத்தில் இருந்தால் போதும் என்பதால், முதல்நாள் மாலையே வெளியே வைக்கவேண்டியதில்லை.

மூன்றாவதைச் சொன்னால் சிலருக்கு மனம் கோணும், ஆனாலும் சொல்லவேண்டும். ஆடி அமாவாசை, புரட்டாசிச் சனி போன்ற விரத நாள்களில் காகத்துக்கு என்று டெக் (வீட்டை ஒட்டிய மரத்தளம்) விளிம்பில் வைக்கும் சோறு, இந்த ஊரில் இரவுவரை கிடந்தால் ரக்கூனுக்குத்தான் போய்ச்சேர்கிறது. வனவிலங்குகளுக்கு உணவு வைப்பதை நகரசபை விதி தடைசெய்கிறது. படையலைச் சற்றுநேரத்தில் உள்ளே எடுத்துவிடுங்கள். பூனைக்கு வெளியே வைக்கும் தட்டுக்கும், உதிர்ந்து கிடக்கும் திராட்சைக்கும் இதே முறைதான்.

இவ்வளவும் செய்து இரண்டு வாரத்துக்குப் பிறகும் தொட்டி விழுகிறதென்றால் அதை ஷெட்டுக்குள் வைக்கவேண்டும். இந்த அறிகுறிக்காக ஆளை அழைத்துப் பணம் செலவழிக்கத் தேவையில்லை.

அறிகுறி: புல்தரை பாய்போலச் சுருட்டப்பட்டுக் கிடக்கிறது

ரக்கூன் புல்லைக் கையால் உரித்துப் புரட்டும். நாற்றநீர் பீய்ச்சும் விலங்கான ஸ்கங்க் மூக்கால் சிறு கூம்புபோன்ற குழிகளைத் தோண்டும். இரண்டும் தேடுவது வேரைத் தின்னும் வெண்புழுவை. புரட்டப்படாத இடத்தில் ஒரு சதுர அடிப் புல்லை மூன்று பக்கம் வெட்டித் தூக்கிப் பாருங்கள். ‘சி’ வடிவில் சுருண்ட வெள்ளைப் புழுக்கள் கூட்டமாக இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது.

உடனடியாகச் செய்யவேண்டியது, உரிந்த புல்லைத் திரும்ப விரித்து நீர் விட்டு, மேலே கம்பி வலையையோ தடித்த தோட்ட வலையையோ முளையடித்துப் பொருத்துவது. புதிதாகப் போட்ட புல்லுக்கு வேர் பிடிக்கும்வரை இது போதும். புழுவை ஒழிக்க, ஓகஸ்ட் கடைசியிலும் செப்டெம்பரிலும் ஈரமண்ணில் நெமற்றோடு எனப்படும் நுண்புழுக்களை நீரில் கலந்து மாலையில் ஊற்றவேண்டும். அழகுக்காகப் பூச்சிமருந்து அடிப்பது ஒன்ராறியோவில் 2009 முதல் தடைசெய்யப்பட்டிருப்பதால், ஊரிலிருந்து யாராவது கொண்டுவந்து தரும் மருந்துப் போத்தலைத் திறக்கவேண்டாம்.

அறிகுறி: டெக்கிலோ தட்டைக் கூரையிலோ ஒரே இடத்தில் எச்சம் சேர்கிறது

ரக்கூன்கள் ஒரே இடத்தைக் கழிப்பிடமாக்கிக்கொள்ளும். நாயின் எச்சம்போலத் தோன்றினாலும் அதில் பெரும்பாலும் பழ விதைகள் தெரியும். பொந்து வேறெங்கோ இருக்கலாம். ஆனால் இந்த இடத்தைச் சுத்தம்செய்யும் முறையில் கவனம் வேண்டும், ஏனென்றால் ரக்கூனின் குடலில் வாழும் ஒருவகை உருண்டைப்புழுவின் முட்டை அதில் இருக்கக்கூடும். அது மனித உடலுக்குள் போனால் அரிதாக மூளையையும் கண்ணையும் பாதிக்கும். கையை வாயில் வைக்கும் வயதுக் குழந்தைகளுக்கே ஆபத்து அதிகம்.

எச்சம் விழுந்து இரண்டு முதல் நான்கு வாரங்களில்தான் முட்டை தொற்றும் நிலையை அடைகிறது. ஆகவே கண்டவுடன் அகற்றுவது பாதிப் பாதுகாப்பு. கையுறை, கழுவக்கூடிய சப்பாத்து, என்-95 முகக்கவசம் அணிந்து, தூசி எழாதபடி முதலில் நீர் தெளித்து, மண்வெட்டியால் அள்ளி இரட்டைப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். பிளீச் அந்த முட்டையைக் கொல்லாது, கொதிநீர் கொல்லும். மரப்பலகையில் கொதிக்கக் கொதிக்க ஊற்றவேண்டும். மண்தரையாக இருந்தால் மேல்மண்ணை இரண்டு முதல் நான்கு அங்குலம் வரை அகற்றிவிடுங்கள். பிறகு அந்த இடத்துக்கு ஏறும் வழியை, உதாரணமாகக் கூரையைத் தொடும் கிளையை, வெட்டிவிட்டால் பெரும்பாலும் இடத்தை மாற்றிக்கொள்ளும்.

அட்டிக்குக்குள், அதாவது கூரைக்கும் அறைகளுக்கும் இடையிலுள்ள வெற்றிடத்துக்குள், இத்தகைய குவியல் இருந்தால் நீங்கள் கைவைக்கவேண்டாம். மூடிய இடத்தில் தூசியோடு செய்யும் அந்த வேலை, அதற்கென்றே உடையும் உறிஞ்சியும் வைத்திருப்பவர்களுக்கு உரியது.

அறிகுறி: இரவில் கூரைக்குள் நடமாட்டம் கேட்கிறது

*சத்தம் யாருடையது?*

பகலில், குறிப்பாக விடியற்காலையில், விரைந்து ஓடும் இலேசான சத்தம் அணிலுடையது. சுவருக்குள் சுரண்டும் மெல்லிய சத்தம் எலியுடையது. ஒரு சிறு பிள்ளை முழங்காலில் தவழ்வதுபோல, நின்று நின்று பாரமாக நகரும் சத்தம் இருட்டிய பின்னரும் விடியும் முன்னரும் கேட்டால் அது ரக்கூன். வசந்த காலத்தில் இதோடு பறவைக் குஞ்சுகள் கீச்சிடுவதுபோலவும் சிணுங்குவதுபோலவும் ஓர் ஒலி ஒரே மூலையிலிருந்து வருமானால், அது குட்டிகளின் குரல். எந்த அறையின் மேல், எந்த மணிக்கு என்று குறித்து வையுங்கள்; பின்னால் வருபவருக்கு அந்தக் குறிப்பு மிகவும் உதவும்.

*துளை எங்கே?*

பகல் வெளிச்சத்தில் தொலைநோக்கியோடு தரையில் நின்றே வீட்டைச் சுற்றிவாருங்கள். நான்கு அங்குல அகலம் இருந்தால் ரக்கூன் நுழைந்துவிடும். சுலபமாகக் கண்ணில் படுவது கூரையின் மேலுள்ள பிளாஸ்டிக் வென்ட் (காற்றுப்போக்கி). மூடி பிய்ந்து கிடக்கும். அடுத்தது சாஃபிட், அதாவது கூரை விளிம்பின் அடிப்பக்கத்தை மூடும் தகடு. மேல்மாடிச் சுவர் கீழ்க்கூரையின் சரிவைத் தொடும் மூலையை நன்றாகப் பாருங்கள். கராஜ் கூரை மேல் நின்றபடி தலையால் முட்டித் தள்ள அந்த மூலை வாகானது. உள்ளே பலகை இல்லாமல் வெறும் தகடு மட்டுமே இருப்பதால் எளிதில் மடங்கிக்கொடுக்கும். துளையைவிட அதைச் சுற்றியுள்ள தடயங்கள் நன்றாகத் தெரியும்: மழைநீர்க் குழாயில் ஏறி இறங்கிய கரிய கைத்தடங்கள், சுவரில் எண்ணெய்ப் பிசுக்குப்போன்ற கறை, கிழிந்த அலுமினிய விளிம்பில் சிக்கிய சாம்பல் நிற மயிர்.

ஏணி வைத்துக் கூரைமேல் ஏறுவதை நான் யாருக்கும் சொல்வதில்லை. அட்டிக்குக்குள் எட்டிப்பார்ப்பதானால் மூடியைச் சற்றுத் திறந்து டார்ச் அடித்துப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 1990க்கு முன் கட்டிய வீட்டில் காப்புப்பொருள் பளபளக்கும் சிறு கூழாங்கற்கள்போலத் தெரிந்தால் அது வெர்மிகுலைட். அதில் அஸ்பெஸ்டஸ் கலந்திருக்கக்கூடும் என்பதால் உள்ளே போகாமல் மூடிவிட்டு ஆளை அழையுங்கள்.

*உள்ளே இருக்கிறதா, போய்விட்டதா?*

தரையிலிருந்து எட்டும் துளையானால் செய்தித்தாளைக் கசக்கி, தள்ளினால் விழும்படி தளர்வாக அடைத்து வையுங்கள். இரண்டு மூன்று இரவு கழித்தும் தாள் அப்படியே இருந்து சத்தமும் இல்லையென்றால் உள்ளே யாருமில்லை. ஆனால் கடுங்குளிரில் இந்தச் சோதனை ஏமாற்றும். ரக்கூன்கள் முழுக்குளிர்காலமும் உறங்குவதில்லை என்றாலும், உறைகுளிர் நாள்களில் தொடர்ந்து பல நாள் வெளியே வராமல் சுருண்டு கிடக்கும். ஜனவரியில் மூன்று இரவைப் போதாததாகவே கொள்ளுங்கள். குளிர் தளர்ந்து சில இரவுகள் போகட்டும்.

*கிளை 1: ஓகஸ்ட் முதல் டிசம்பர் வரை, குட்டிச் சத்தம் இல்லை*

வெளியேற்ற மிக ஏற்ற காலம் இது. அதிலும் பனி விழுமுன் முடிப்பது நல்லது. முதலில் தொல்லை கொடுத்துப் பாருங்கள். ரக்கூனுக்கு அப்பகுதியில் வேறு பொந்துகளும் இருக்கும்; இந்த இடம் இருட்டாகவும் அமைதியாகவும் இல்லாமற்போனால் அதுவே கிளம்பிவிடும். அட்டிக் வாயிலின் உட்புறம் வெப்பம் உண்டாக்காத எல்ஈடி விளக்கொன்றை எரியவிட்டு, ஓயாமல் பேசும் வானொலி நிலையத்தை உரக்க வையுங்கள். ஆப்பிள் சைடர் வினிகரில் நனைத்த துணியும் உதவும். அம்மோனியா வேண்டாம், அது மூச்சுக்குழாயைச் சுடும். அந்துருண்டையும் வேண்டாம், அதை விலங்கு விரட்டப் பயன்படுத்துவது கனடாவில் சட்டவிரோதம், தவிர அந்த நஞ்சுக் காற்று கீழே படுக்கையறைக்கும் இறங்கும்.

ஒரு வாரத்தில் போகாவிட்டால் அடுத்த படி ஒருவழிக் கதவு. துளையின் மேல் பொருத்தும் இந்தக் கம்பிக்கூட்டுக் கதவு வெளிப்புறமாக மட்டுமே திறக்கும். இதற்கு முன் கூரையின் மற்ற பலவீனமான இடங்கள் எல்லாவற்றுக்கும் வலை போட்டிருக்கவேண்டும். இல்லையென்றால் வெளியே போன ரக்கூன் பக்கத்து வென்ட்டைப் பிய்த்துக்கொண்டு உள்ளே வந்துவிடும். கூரைமேல் செய்யும் வேலையாதலால் இங்கே ஆளை அழைப்பதே முறை.

*கிளை 2: மார்ச் முதல் ஜூலை வரை, அல்லது எப்போதாயினும் குட்டிச் சத்தம் கேட்டால்*

பணம் செலவாகாத வழி பொறுத்திருப்பது. குட்டிகள் தாயோடு வெளியே போகத் தொடங்கியதும், பெரும்பாலும் கோடை முடிவதற்குள், குடும்பமே இடம் மாறிவிடும். சத்தத்தைத் தாங்கமுடிந்தால், மின்கம்பிக்கோ மேற்கூரைக்கோ சேதம் இல்லையென்றால், இதையே நான் முதலில் சொல்வேன்.

பொறுக்கமுடியாத நிலையில் மேலே சொன்ன ஒளியையும் ஒலியையும் முயலலாம். துளை திறந்தே இருக்கவேண்டும். தாய் புதிய இடம் பார்த்து, குட்டிகளை ஒவ்வொன்றாகக் கழுத்தில் கவ்விக்கொண்டு போகும். அதற்குச் சில இரவுகளாவது கொடுங்கள். ஒருவழிக் கதவை இந்தக் காலத்தில் தனியாகப் பொருத்தவே கூடாது, ஏனென்றால் தாய் வெளியே, குட்டிகள் உள்ளே என்று பிரிந்துவிடும்.

அதுவும் பலிக்காவிட்டால் அனுபவமுள்ள வனவிலங்குப் பணியாளர் அட்டிக்குக்குள் போய்க் குட்டிகளைக் கையால் எடுத்து, வெப்பமூட்டிய பெட்டியில் வைத்து, தாய் வெளியேறும் துளைக்கு அருகில் வெளியே வைப்பார். தாய் வந்து பெட்டியிலிருந்து அவற்றைத் தன் மாற்றுப் பொந்துக்குக் கொண்டுபோகும். நீங்களாகக் குட்டிகளைத் தேடி உள்ளே போகாதீர்கள். தாய் ரக்கூன் இருட்டில் எதிர்த்து நிற்கும்.

*கிளை 3: ஜனவரி, பெப்ரவரி*

இந்த இரண்டு மாதங்களில் உறைகுளிர் நாள்களில் வெளியேற்றாமல், குளிர் தளரும் நாளைத் தேர்ந்தெடுக்கவேண்டும். பெப்ரவரி கடைசியில் பெண் ரக்கூன் கருவோடிருக்கக்கூடும். குட்டி ஈனுமுன் அதை அனுப்பிவிடுவது இரு தரப்புக்கும் நல்லது என்பதால், முடிவைத் தள்ளிப்போடாமல் ஆளைக் கூப்பிட்டு வையுங்கள்.

*அடைப்பது எப்படி?*

சிலிக்கன், நுரை, மெல்லிய அலுமினியம், கோழிவலை ஆகியவை ரக்கூனுக்குத் தடையே அல்ல. அரை அங்குலக் கண்ணுள்ள, துத்தநாகம் பூசிப் பற்றுவைத்த தடித்த கம்பி வலையை, துளையைச் சுற்றிலும் சில அங்குலம் மிஞ்சும்படி வெட்டி, உள்ளே கட்டைமரம் இருக்கும் இடத்தில் வட்டத்தகட்டோடு திருகாணி போட்டுப் பொருத்தவேண்டும். தகட்டில் மட்டும் திருகினால் ஒரே இழுப்பில் வந்துவிடும். கூரை வென்ட்டுகளுக்கு இரும்புக் கூடு கவிழ்க்கலாம். ஆனால் துணி உலர்த்தியின் குழாயையும் எரிவாயு உலையின் புகைக்குழாயையும் நீங்களாக வலையிட்டு மூடாதீர்கள்: முதலாவதில் பஞ்சு அடைத்துத் தீப்பிடிக்கும், இரண்டாவதில் காபன் மொனொக்சைட் வீட்டுக்குள் திரும்பும். இறுதியாக, கூரையிலிருந்து ஆறடி தூரம் வரை மரக்கிளைகளை வெட்டுங்கள்.

அறிகுறி: துளையை அடைத்த பிறகு சத்தம் அதிகமாகிவிட்டது

இதை மட்டும் நாளைக்கு என்று தள்ளாதீர்கள். பகலிலேயே ஒரு ரக்கூன் கூரைமேல் வந்து ஷிங்கிளை (கூரையை மூடும் தகட்டோட்டை) கிழிப்பதும், உள்ளே ஓயாத முனகல் கேட்பதும், குட்டிகளை வைத்துத் துளை மூடப்பட்டிருக்கிறது என்பதற்கு அடையாளம். அடைத்ததை அன்றே திறந்துவிடவேண்டும். நீங்களோ உங்களுக்கு வேலைசெய்தவரோ எட்டமுடியாத இடமானால், அவசர அழைப்புக்கு வரும் வனவிலங்கு நிறுவனத்தைக் கூப்பிடுங்கள். திறந்த பிறகு ஆளரவமின்றி விட்டால், தாய் பெரும்பாலும் அடுத்த ஓரிரு இரவுகளில் குட்டிகளை எடுத்துப் போய்விடும்.

சத்தம் தேய்ந்துகொண்டே போய் நின்று, சில நாளில் நாற்றமும் ஈயும் வந்தால் உள்ளே விலங்கு இறந்திருக்கிறது. சுவரையோ மேற்கூரையையோ வெட்டி எடுக்கவேண்டிய வேலை அது.

அறிகுறி: கணப்படுப்பின் மேலே சலசலப்பு

மூடியில்லாத புகைபோக்கி, தாய் ரக்கூனுக்கு உள்ளே பொள்ளலான மரம்போன்றது. புகைக்கதவுக்கு மேலுள்ள திட்டில் குட்டி போட்டிருக்கும். எக்காரணம் கொண்டும் தீ மூட்டாதீர்கள். தாய் ஏறித் தப்பலாம், குட்டிகள் வெந்துபோகும். புகைக்கதவு இறுக மூடியிருக்கிறதா என்று பார்த்து, அடுப்பு வாயைப் பலகையால் மறைத்து, உள்ளே வானொலியை வையுங்கள்.

செங்கல், களிமண் புகைபோக்கியில் ரக்கூன் தானாகவே ஏறிவிடும். வழுவழுப்பான உலோகக் குழாயாக இருந்து உள்ளே விழுந்துவிட்டதென்றால் ஏற வழியில்லை. அதற்கு மேலிருந்து தடித்த கயிறு இறக்கவேண்டும் என்பதால் அதைத் தொழில்முறையாளரிடமே விடுங்கள். எல்லாம் வெளியேறியது உறுதியான பின், புகைபோக்கி வேலை தெரிந்தவரைக் கொண்டு உலோக மூடி போட்டுவிட்டால் இத்தொல்லை திரும்பாது.

அறிகுறி: டெக்குக்கோ ஷெட்டுக்கோ கீழே குழி

யார் இருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். குழி வாயில் மாவு தூவி வைத்தால் காலையில் தடம் தெரியும்: ஐந்து நீண்ட விரல்களோடு சிறு குழந்தையின் கைபோல இருந்தால் ரக்கூன். சிறிய தடமும் மணமும் இருந்தால் ஸ்கங்க். பகலில் நடமாடினால் மண்ணைக் கிண்டும் கிரவுண்ட்ஹொக்.

குட்டிகள் இல்லாத காலமானால் விளக்கும் வானொலியும் வைத்துக் கிளப்பி, செய்தித்தாள் சோதனை செய்து, சுற்றிலும் வலை போடவேண்டும். வலையைத் தரைமட்டத்தோடு நிறுத்தினால் அடியில் தோண்டும். ஓரடி ஆழத்துக்கு இறக்கி, அங்கிருந்து வெளிப்புறமாக ஓரடி மடித்துவிட்டு மண்ணால் மூடினால், தோண்டவரும் விலங்கின் நகம் வலையில்தான் முட்டும். கைமண்வெட்டியால் தோண்டுவதானாலும் முதலில் ‘ஒன்ராறியோ வன் கோல்’ அமைப்பிடம் சொல்லி நிலத்தடிக் குழாய்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அது இலவசம், சட்டப்படி கட்டாயமும்கூட. உங்கள் டெக் மிகத் தாழ்வாக இருந்து, கீழே பார்க்கவே முடியாதென்றால், ஒருவழிக் கதவோடு வலை போடத் தெரிந்தவரை அழையுங்கள்.

அறிகுறி: அறையின் உட்கூரையில் கறை, வீட்டில் நாற்றம்

மழை பெய்த மறுநாள் கறை விரிந்தால் ரக்கூன் கிழித்த ஷிங்கிள் வழியாக நீர் இறங்குகிறது. குளிர்காலத்தில் குளியலறைக்கு மேலே மட்டும் ஈரம் தெரிந்தால், காற்றுவெளியேற்றிக் குழாயை மிதித்துக் கழற்றிவிட்டிருக்கலாம். மழையோடு தொடர்பில்லாமல் மஞ்சட்கறையும் காரநெடியும் ஓரிடத்தில் இருந்தால் அது சிறுநீர். முதலிரண்டும் கூரைக்காரர் வேலை. மூன்றாவது, காப்புப்பொருளை அகற்றித் திரும்ப நிரப்பவேண்டிய, இந்தப் பட்டியலிலேயே அதிகச் செலவான வேலை. விலங்கு வெளியேறி வலை போட்ட பிறகே அதைத் தொடங்கவேண்டும். காப்புறுதிப் பத்திரத்தில் ரக்கூன் சேதம் அடங்குமா என்று முன்னரே கேட்டு வையுங்கள்; விலக்கி வைத்த பத்திரங்கள் பல உண்டு.

அறிகுறி: வீட்டுக்குள்ளேயே வந்து நிற்கிறது

பிள்ளைகளையும் நாயையும் வேறு அறையில் விட்டுக் கதவைச் சாத்துங்கள். உட்கதவுகளை மூடி, வெளியே போகும் கதவு, யன்னல்களைத் திறந்துவைத்து, உள்விளக்கை அணைத்துவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். தும்புத்தடியால் விரட்டினால் அது அலுமாரிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். வெகுநேரம் போகவில்லையென்றால் அந்த அறைக் கதவைச் சாத்தி, கீழே துணி திணித்துவிட்டு வனவிலங்கு நிறுவனத்தை அழைக்கவேண்டும்.

அறிகுறி: பகலில் நடமாடுகிறது, அல்லது தள்ளாடுகிறது

பகலில் கண்ட மாத்திரத்தில் நோய் என்று முடிவுகட்டவேண்டாம். பாலூட்டும் தாய் பசிக்குப் பகலிலும் இரை தேடும். நடை நேராக இருந்து, ஆளைக் கண்டு விலகினால் விட்டுவிடுங்கள். தள்ளாடுவது, கண்ணிலும் மூக்கிலும் சீழ் வடிவது, ஆளைக் கண்டும் அசையாமல் மயங்கிக் கிடப்பது ஆகியவை பெரும்பாலும் டிஸ்டெம்பர் என்னும் நச்சுயிரி நோய். அது மனிதருக்குத் தொற்றாது. தடுப்பூசி போடாத நாய்க்குத் தொற்றும். ரேபிஸ் (வெறிநோய்) நோயின் தோற்றமும் இதுபோலவே இருக்கும். 2015 டிசம்பரில் ஹமில்டனில் ரக்கூன் ரேபிஸ் மீண்டும் தலைகாட்டியதிலிருந்து மாகாண அரசு தடுப்பூசி கலந்த இரைகளைத் தூவிவருகிறது. பார்வையால் இரண்டையும் பிரித்தறிய முடியாததால், தூரத்திலிருந்தே 311ஐ அழையுங்கள்.

கடித்தாலோ கீறினாலோ சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவரிடம் போகவேண்டும். பொதுச் சுகாதாரப் பிரிவுக்கும் தெரியப்படுத்தவேண்டும். ரேபிஸ் அறிகுறி தொடங்கிய பின் மருந்து உதவாது என்பதால், சிறு கீறல்தானே என்று இருந்துவிடாதீர்கள்.

அறிகுறி: தனியாக ஒரு குட்டி கத்திக்கொண்டிருக்கிறது

தாய் இடம் மாற்றும்போது ஒன்றை வைத்துவிட்டு மற்றதை எடுக்கப் போயிருக்கும். எட்டி நின்று பாருங்கள். குளிராக இருந்தால் தடித்த கையுறை அணிந்து, தாய் எளிதில் எட்டும் பெட்டியில், துணியில் சுற்றிய வெந்நீர்ப் போத்தலோடு வைக்கலாம். பசுப்பால் கொடுக்கவேண்டாம். விடியும்வரை தாய் வரவில்லையென்றால், அல்லது குட்டி அடிபட்டிருந்தால், ரொறன்ரோ வைல்ட்லைஃப் சென்ரர் போன்ற மறுவாழ்வு அமைப்பை அழையுங்கள். வனவிலங்கை வீட்டில் வளர்க்க உங்களுக்கு அனுமதியில்லை.

ஆளை அழைக்கும்போது கேட்கவேண்டியவை

‘பிடித்துக்கொண்டு போய்த் தூரத்தில் விட்டுவிடுவோம்’ என்று சொல்பவரைத் தொலைபேசியிலேயே நிராகரித்துவிடலாம். அவர் சட்டத்தை மீறுகிறார், அல்லது பொய் சொல்கிறார். நல்லவர் முதலில் சத்தம் எந்த நேரம், எந்த மாதம் தொடங்கியது என்று கேட்பார். அட்டிக்குக்குள் போய்க் குட்டிகளைக் கையால் தேடுவாரா, ஒருவழிக் கதவை எத்தனை நாள் வைப்பார், கதவை எடுத்த பிறகு அந்தத் துளையையும் அதே விலையில் மூடுவாரா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்குத் தெளிவான பதில் வராவிட்டால், பின்னால் இன்னொரு பற்றுச்சீட்டு வரும் என்று எதிர்பாருங்கள்.

உத்தரவாதம் தருவதாகச் சொல்பவரிடம், அது வீடு முழுவதற்குமா, அல்லது அவர் வலை போட்ட இடங்களுக்கு மட்டுமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். பெரும்பாலும் இரண்டாவதாகத்தான் இருக்கும். ஆகவே வலை போட்ட ஒவ்வோர் இடத்துக்கும் முன்னும் பின்னும் எடுத்த படத்தைக் கேட்டு வாங்கி, திருகாணி மரத்தில் இறங்கியிருக்கிறதா என்று படத்திலேயே பார்த்துவிட்டு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.